பிள்ளையின் போனும் வாப்பாவின் வியாபாரமும்

நமது கடைகளில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். முதலாளி கணக்குக் கொப்பியோடு அமர்ந்திருப்பார். மகன் ஒரு மூலையில் போனோடு இருப்பான். "எந்நேரமும் இதே வேலைதான்" என்று ஓர் ஏச்சு விழும். ஐந்து நிமிடம் கழிந்ததும், "மகன், புதுசா வந்த டிசைன் படங்களைக் கஸ்டமர்மாருக்கு அனுப்பி விடுங்க" என்று அதே பிள்ளையிடம் வேலை வாங்குவோம். நானும் இப்படித்தான் இருந்தேன். அதனால் எனக்கு ஏற்பட்ட நட்டத்தை இவ்வாரம் எழுதுகிறேன். இன்னொருவருக்கு அது நேராமல் இருந்தால் போதும்.

எனது இளைய மகனுக்குப் பதினேழு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை எனது புடவைக் கடைக்கு வந்து போனான். கடையின் வட்ஸ்அப் இலக்கம் அவன் கையில்தான் இருந்தது. ஒருநாள் இரவு ஒன்பதரை மணியளவில், கூடப் படித்த நண்பனின் இலக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. "தவறுதலாக உனது போனுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று அனுப்பிவிட்டேன், அதைத் திருப்பி அனுப்பு" என்று கேட்டிருக்கிறான். மகனும் அனுப்பிவிட்டான். நண்பனின் கணக்கு ஏற்கெனவே திருடப்பட்டிருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. மறு நிமிடமே எங்கள் கணக்கும் திருடன் கைக்குப் போய்விட்டது.

அதன்பின் என் பெயரில், என் கடைப் படத்தோடு, வாடிக்கையாளர் பலருக்குச் செய்தி போயிருக்கிறது. "அவசரமாகக் கொஞ்சம் பணம் தேவை. இந்தக் கணக்குக்குப் போடுங்கள், நாளை தந்து விடுகிறேன்." ஒருவர் அன்றிரவே 25,000 ரூபா போட்டார். இன்னொருவர் மறுநாள் காலை பத்து மணிக்கு 60,000 ரூபா போட்டார். என் வார்த்தையை நம்பியே இருவரும் கொடுத்தார்கள். ஆகவே இருவருக்கும் நானே திருப்பிக் கொடுத்தேன்.

பணம் போனது ஒரு பக்கம். என்னை உறுத்தியது வேறொன்று. கணக்குப் பறிபோனதை மகன் அன்றிரவே அறிந்திருந்தான். மறுநாள் பகல் பன்னிரண்டு மணி வரை எவரிடமும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "நீங்க போனைப் பறிச்சிருவீங்க எண்டு பயந்துட்டேன் வாப்பா" என்றான். பப்ஜி விளையாடியதற்காக அதற்கு முந்திய மாதம்தான் நான் அவனது போனைப் பறித்து அலுமாரியில் பூட்டியிருந்தேன்.

அன்றிரவே சொல்லியிருந்தால் என்ன செய்திருக்கலாம்? அதே இலக்கத்தை வட்ஸ்அப்பில் மீண்டும் பதிவு செய்து, புதிதாக வரும் குறியீட்டை நாமே கொடுத்தால் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் இரகசிய இலக்கம் ஒன்றைப் போட்டு வைத்திருந்தால் நாம் உள்ளே நுழைய ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டி வரலாம். ஆனாலும் அவனால் அதைப் பாவிக்க முடியாது. வாடிக்கையாளரைச் சாதாரண அழைப்பில் எச்சரித்துமிருக்கலாம். அந்த 60,000 ரூபா மிஞ்சியிருக்கும்.

நான் சிறு வயதில் கடையில் வேலை பழகிய காலத்தில் ஒரு கள்ள நோட்டை வாங்கி லாச்சியில் போட்டுவிட்டேன். பயந்து பயந்துதான் முதலாளியிடம் சொன்னேன். அவர் கை நீட்டவில்லை. லாச்சியில் இருந்த மற்ற நோட்டுக்களையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நீர் அடையாளத்தை எப்படிப் பார்ப்பதென்று காட்டித் தந்தார். அதன் பிறகு எந்தத் தவறையும் நான் அவரிடம் மறைத்ததில்லை. கடைப் பையனிடம் நாம் எதிர்பார்க்கும் அதே நேர்மையைப் பிள்ளையிடமும் எதிர்பார்க்கிறோம். ஆனால் உண்மையைச் சொன்னால் தண்டனை என்று நாமே வைத்திருக்கிறோம்.

இச்சம்பவத்தின் பின் சில நாட்கள் அவனோடு அமர்ந்து பேசினேன். மாடியில் அவன் வளர்க்கும் பைட்டர் மீன்களைப் பற்றி எல்லாவற்றையும் போனில் பார்த்தே கற்றிருக்கிறான். வீடியோ வெட்டி ஒட்டவும் அப்படித்தான் பழகியிருக்கிறான். எந்த நிறத் துணிக்கு இப்போது கேள்வி அதிகம் என்பது என்னைவிட அவனுக்கு முந்தித் தெரிகிறது. அவனுக்கும் கவலைகள் உண்டு. தெரிந்த பிள்ளையொன்றின் படத்தை யாரோ மாற்றிப் போட்டு மிரட்டியதை அவன் மனதில் வைத்து மறுகியிருக்கிறான். வெளிநாட்டில் கணினி வேலை என்று போனில் வந்த விளம்பரத்தை நம்பலாமா என்று நண்பன் ஒருவன் இவனிடம் கேட்டிருக்கிறான். தகப்பனிடம் கேட்கவில்லை.

இது சிறிய விடயமல்ல. இப்படியான வேலையை நம்பித் தாய்லாந்துக்குப் போன நம் நாட்டு இளைஞர் பலர் மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலுள்ள மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2024ஆம் ஆண்டிலும் அங்கிருந்து பலர் மீட்கப்பட்டார்கள். அந்தக் கேள்வி வீட்டில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அப்படியானால் பிள்ளைகளைப் போனோடு அவிழ்த்து விடுவதா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. இரவில் போனுக்கு நேரம் குறிப்பது எனது வீட்டில் இன்றும் உண்டு. அதோடு வேறு சில ஒழுங்குகளையும் செய்தோம். கடை இலக்கத்துக்குத் தனிப் போன் வாங்கினோம். வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு இரகசிய இலக்கத்தைப் போட்டோம். வங்கியோ வட்ஸ்அப்போ அனுப்பும் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. பணம் கேட்டு யாருடைய செய்தி வந்தாலும் குரலைக் கேட்காமல் ஒரு சதமும் அனுப்புவதில்லை. ஏமாந்தால் உடனே வங்கிக்கும் பொலிஸுக்கும் அறிவிப்பது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம் இத்தகைய திருட்டுக்களுக்காகவே இருக்கிறது. வெட்கப்பட்டு மறைத்தால் திருடனுக்குத்தான் இலாபம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்குக் கொடுத்தேன். தவறு நடந்து ஒரு மணித்தியாலத்துக்குள் சொன்னால் ஏச்சும் இல்லை, போன் பறிப்பும் இல்லை. அந்த வாக்கைக் காப்பாற்றுவது எனக்கு இலேசாக இல்லை. கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் சென்ற மாதம் சந்தேகமான இணைப்பு ஒன்றை அழுத்திவிட்டதாக மகன் தானாகவே வந்து சொன்னான். இருவருமாக இருந்து இரகசிய இலக்கங்களை மாற்றினோம். நட்டம் எதுவும் இல்லை.

இன்றிரவு கடை மூடிய பின் உங்கள் பிள்ளையிடம் போனில் என்ன பார்க்கிறாய் என்று அதட்டாமல் கேட்டுப் பாருங்கள்.