'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு சார்!' - போலி கஸ்டமர் கேர் மோசடி நடப்பது எப்படி? சிக்கினால் என்ன செய்வது?

லேப்டாப்பில் ஏதோ ஒரு இலவச டவுன்லோடு தளத்துக்குள் போகிறார் ஒருவர். ஒரே ஒரு கிளிக்தான். திரை முழுக்க சிவப்பாக மாறுகிறது. "உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டுள்ளது, வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன, அணைத்துவிடாதீர்கள்" என்று ஸ்பீக்கரில் ஒரு குரல் விடாமல் அலறுகிறது. மவுஸை அசைத்தால் அம்புக்குறியைக் காணோம். மூலையில் மைக்ரோசாஃப்ட் லோகோ. நடுவில் பெரிய எழுத்தில் ஒரு போன் நம்பர்.

இந்த இடத்தில் யாருக்கும் பதற்றம் வரும். கை தானாக போனைத் தேடும். ஆனால், மோசடி தொடங்குவதே அந்த நம்பருக்கு டயல் செய்யும்போதுதான். அதுவரை பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டருக்கு எதுவுமே ஆகியிருக்காது.

'டெக் சப்போர்ட் ஸ்கேம்' என்று உலகம் முழுக்க அழைக்கப்படும் இந்த மோசடியில் யாரும் கம்ப்யூட்டரை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. பயந்துபோன மனிதரே கதவைத் திறந்து, சாவியையும் கையில் கொடுக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

அந்தச் சிவப்புத் திரை உண்மையில் என்ன?

அது வெறும் வெப் பேஜ். அவ்வளவுதான். ஒரு விளம்பரம் வழியாகத் திறந்து, திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்ட பக்கம். அம்புக்குறியை மறைப்பது, ஆடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது, மூட முயன்றால் இன்னொரு பெட்டியைக் காட்டுவது எல்லாமே அந்தப் பக்கத்தில் எழுதப்பட்ட சில வரி கோடிங்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தங்கள் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அதனால் திரையில் எச்சரிக்கையும் போன் நம்பரும் சேர்ந்து வந்தால் அது போலி. வேறு சோதனையே தேவையில்லை.

போன் செய்தால் என்ன நடக்கும்?

எதிர்முனையில் பேசுபவர் மிரட்ட மாட்டார். நிதானமாக, மரியாதையாக, ஒரு எம்ப்ளாயி ஐடியையும் சொல்லித்தான் ஆரம்பிப்பார். "கவலைப்படாதீங்க சார், நான் பாத்துக்கறேன்" என்பதுதான் முதல் வசனம். அடுத்தது, வைரஸ் இருப்பதை 'நிரூபிக்கும்' நாடகம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு பகுதி உண்டு. சிஸ்டத்தில் நடக்கும் சின்னச் சின்ன நிகழ்வுகள் எல்லாம் அதில் பதிவாகும். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அங்கே சிவப்பு, மஞ்சள் குறிகள் இருக்கத்தான் செய்யும். அதைத் திறக்கச் சொல்லி, "எத்தனை எரர் இருக்குன்னு எண்ணிப் பாருங்க சார்" என்பார்கள். எண்ண எண்ண பயம் கூடும்.

இன்னொரு தந்திரம் இதைவிட விசித்திரமானது. கறுப்புத் திரையில் ஒரு கமாண்டை டைப் செய்யச் சொல்வார்கள். 888-ல் தொடங்கும் நீளமான எண் ஒன்று வரும். "இதுதான் உங்க கம்ப்யூட்டரோட லைசென்ஸ் நம்பர், என்கிட்டயும் இதே நம்பர் இருக்கு பாருங்க" என்று வரி தவறாமல் படித்துக் காட்டுவார்கள். கேட்பவர் அசந்துபோவார். ஆனால் அந்த எண் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஒன்றேதான்!

'கன்ட்ரோல் கொடுங்க... சரிபண்ணிடறேன்'

நம்பிக்கை வந்ததும் அடுத்த கட்டம். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். இவை போலிச் செயலிகள் இல்லை. அலுவலகங்களில் ஐடி பிரிவினர் அன்றாடம் பயன்படுத்துபவை. தூரத்தில் இருந்துகொண்டே ஒரு கம்ப்யூட்டரை இயக்க உதவுபவை. செயலியைத் திறந்தால் ஒரு எண் வரும். அதைப் போனில் படித்துச் சொல்லி, அனுமதி பட்டனையும் அழுத்திவிட்டால் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரிதான்.

இதே வேலையை மொபைலிலும் செய்ய முடியும். திரையைப் பகிர்ந்துவிட்டால், நீங்கள் ஓடிபியை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. உங்களுக்கு மெசேஜ் வரும்போதே அவர்களும் படித்துவிடுவார்கள். "நான் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லையே" என்று பலர் குழம்பிப்போவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து வருவது 'ரீஃபண்ட்' நாடகம். "உங்க பணத்தைத் திருப்பித் தர்றோம்" என்று சொல்லி நெட் பேங்கிங்கில் லாகின் செய்ய வைப்பார்கள். பிறகு, பிரவுசரில் தெரியும் பேலன்ஸ் தொகையை, உங்கள் திரையில் மட்டும் மாற்றிக் காட்டுவார்கள். 5 ஆயிரத்துக்குப் பதில் 50 ஆயிரம் ஏறியது போலத் தெரியும். "ஐயோ, தப்பா அதிகமா அனுப்பிட்டேன், வேலை போயிடும், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க சார்" என்று கெஞ்சுவார்கள். உண்மையில் வங்கிக் கணக்கில் ஒரு பைசாவும் ஏறியிருக்காது. இரக்கப்பட்டு அனுப்புவது முழுக்க சொந்தப் பணம்.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சங்கடமான உண்மை இது. இந்த மோசடியின் முக்கியமான மையங்களில் ஒன்று இந்தியா. 2012-லேயே அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி இத்தகைய கும்பல்கள் மீது வழக்குத் தொடர்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் இருந்து இயங்கியது தெரியவந்தது. அழைப்பு மையத் தொழில் இங்கே வளர்ந்ததும், ஆங்கிலம் பேசத் தெரிந்த இளைஞர்கள் குறைந்த சம்பளத்தில் கிடைத்ததும் இந்தக் கும்பல்களுக்கு வசதியாகிப்போனது.

2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் சிபிஐ நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் சேர்ந்து கொடுத்த புகாரும் அதற்கு ஒரு காரணம். அந்த நிறுவனங்களின் பெயரைச் சொல்லி, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் குறிவைக்கப்பட்டிருந்தார்கள்.

இழப்பு சாதாரணமானது இல்லை. அமெரிக்காவின் எஃப்பிஐ வெளியிட்ட அறிக்கைப்படி, 2024-ல் மட்டும் டெக் சப்போர்ட் மோசடியில் மக்கள் பறிகொடுத்தது 146 கோடி டாலருக்கும் அதிகம். அதில் பாதிக்கும் மேல் 60 வயதைக் கடந்தவர்களின் பணம்.

நம்ம ஊரில் இது எந்த வடிவத்தில் வருகிறது?

'சார், பேங்க் மேனேஜர் பேசுறான் சார்' என்று உடைந்த தமிழில் வந்த அழைப்புகளை வைத்து ஒரு காலத்தில் மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் ஓர் ஆபத்தும் இருந்தது. மோசடி என்றால் உளறலாகத்தான் இருக்கும், நாம கண்டுபிடிச்சிடுவோம் என்ற நினைப்பு பலருக்கும் வந்துவிட்டது.

இந்தியாவில் அதிகம் ஏமாற்றும் வடிவம் போலி கஸ்டமர் கேர் நம்பர். ஃபுட் டெலிவரி பணம் திரும்பவில்லை, கூரியர் வரவில்லை, வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று கூகுளில் நம்பர் தேடுவோம். தேடலில் முதலில் வருவது மோசடிக் கும்பல் பதிவேற்றிய நம்பராக இருக்கலாம். இங்கே அழைப்பதே நாம் என்பதால் சந்தேகம் வருவதில்லை. "5 ரூபாய் கட்டி கன்ஃபர்ம் பண்ணுங்க, இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க" என்பது வரை எல்லாமே இயல்பாகத் தெரியும். கம்பெனியின் சொந்த ஆப், பில், வங்கி கார்டின் பின்பக்கம் ஆகியவற்றில் இருக்கும் நம்பரை மட்டும் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

இன்னொரு வடிவம் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. போலீஸ், சிபிஐ என்று சொல்லி வீடியோ காலில் மணிக்கணக்கில் உட்காரவைத்துப் பணத்தைப் பிடுங்குவது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. இங்கேயும் ஆயுதம் அதேதான்: பயம், அவசரம், யாரிடமும் பேசவிடாமல் தனிமைப்படுத்துவது.

மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் கொடுத்த தகவல்படி, 2024-ல் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய். 2023-ல் இது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு!

தொல்லை அழைப்புகளை நிறுத்த முடியுமா?

ஓரளவுக்கு முடியும். லோன், கிரெடிட் கார்டு, ரியல் எஸ்டேட் என்று வரும் விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். அல்லது ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட் 0' என்று டைப் செய்து அதே எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். பதிவு செய்த பிறகும் அழைப்பு வந்தால் 7 நாட்களுக்குள் புகார் கொடுக்க டிராய் விதிகள் இடம் தருகின்றன.

விளம்பர அழைப்புகளுக்கு 140-ல் தொடங்கும் எண்கள், வங்கி, காப்பீடு போன்ற நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600-ல் தொடங்கும் எண்கள் என்று பிரித்து ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரண 10 இலக்க மொபைல் நம்பரில் இருந்து "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்றால் உஷாராகிவிடலாம்.

ஆனால், இதையெல்லாம் மதிப்பது விதிக்குக் கட்டுப்பட்ட நிறுவனங்கள்தான். மோசடிக் கும்பல் எந்தப் பட்டியலையும் பார்க்காது. வெளிநாட்டில் இருந்து பேசிக்கொண்டே இந்திய நம்பர் போலக் காட்டவும் அவர்களால் முடியும். 2024 அக்டோபரில் இதைத் தடுக்கும் அமைப்பை மத்திய அரசு தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டன. அழைப்பவரின் நம்பரை வைத்து ஆளை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

சந்தேகமான அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் செய்தி வந்தால், 'சஞ்சார் சாத்தி' தளத்தில் இருக்கும் 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யலாம். பணம் போகாவிட்டாலும் இதைச் செய்வது முக்கியம். அடுத்து அதே நம்பரில் இருந்து அழைப்பு வாங்கப்போகும் இன்னொருவரை அது காப்பாற்றலாம்.

சிவப்புத் திரை வந்தால் என்ன செய்வது?

* அந்த நம்பருக்கு போன் செய்யாதீர்கள். பக்கத்தில் எதையும் கிளிக் செய்யாதீர்கள்.
* எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் திரை சிறிதாகலாம். ஆல்ட், எஃப்4 கீகளைச் சேர்த்து அழுத்தியும் மூடலாம்.
* அப்படியும் போகவில்லையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள்.
* எதுவும் கைகொடுக்காவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். 'அணைக்காதீர்கள்' என்று அந்தக் குரல் சொல்வதே உங்களைப் பிடித்துவைக்கத்தான்.
* மீண்டும் பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால்?

முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்தால் எதிர்முனையில் இருப்பவரின் கட்டுப்பாடு அந்த நொடியே அறுந்துவிடும். பிறகு ரிமோட் செயலியை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ இருந்து மாற்றுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே 1930. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. திருடிய பணம் ஒரே கணக்கில் நிற்காது. நிமிடங்களில் கைமாறிக்கொண்டே போகும். 1930-க்குத் தகவல் வந்ததும் அந்தந்த வங்கிகளுக்கு எச்சரிக்கை போகும். பணம் வெளியேறும் முன் முடக்க முடிந்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

அதே நேரத்தில் வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளருடையது. தெரிவித்த பிறகும் பணம் போனால் அந்த இழப்பு வங்கியுடையது. அதனால் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் விலை இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. சில நாட்கள் கழித்து, "நீங்க இழந்த பணத்தை மீட்டுத் தர்றோம், கட்டணம் கட்டுங்க" என்று யாராவது அழைத்தால், அது இரண்டாவது வலை.

தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் வெட்கம். "பையன் திட்டுவானே", "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்று மறைத்துவைக்கும் அந்த ஒரு இரவில்தான் பணம் எட்டாத தூரத்துக்குப் போகிறது. அதனால் வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியிடம் இன்றைக்கே இரண்டு விஷயங்களைச் சொல்லிவைக்கலாம். பயமுறுத்தும் அழைப்பு வந்தால் பதில் சொல்லாமல் கட் செய்யலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தப்பித்தவறி ஏமாந்துபோனால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம்.

1930 என்ற எண்ணை அவர்கள் போனில் இப்போதே சேமித்தும் கொடுத்துவிடுங்கள்.