விதியா? கிருமியா?

புற்று நோய் கண்ட ஒருவருக்கு டாக்டர் கொடுத்த மருந்து பலிக்காமற் போய்விட்டால் நமது வைதீகர்களுக்கு உண்டாகும் உற்சாகம் கொஞ்சமல்ல. “பூர்வ ஜென்ம வினை ஊசியால் தீருமா?” என்று ஆரம்பித்து, பரிகாரத்துக்கு ஒரு கோயிலையும் தட்சிணைக்கு ஒரு தொகையையும் நோயாளியின் கட்டிலண்டையே சொல்லிவிடுகிறார்கள். படுத்துக் கிடப்பவர் செய்த பாவம் இன்னதென்று மாத்திரம் எவரும் சொல்லுவதில்லை.

மருந்து பலிக்காததை வினையின் தலையில் போடாமல், காரணம் தேடியவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கணையப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஜெம்சிடாபின் என்பது ஒன்று. 2017-ல் இஸ்ரேல், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 113 கணையக் கட்டிகளைச் சோதித்ததில் 86-ல் பாக்டீரியாக் கிருமிகள் குடியிருக்கக் கண்டார்கள். இவ்வகைக் கிருமிகளில் சில, தம்மிடமுள்ள ஒரு நொதியைக்கொண்டு அம்மருந்தையே உருமாற்றி வீணாக்கிவிடுகின்றன. கிருமி குடிபுகுந்த கட்டியுள்ள எலிகளுக்குக் கிருமிக்கொல்லி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது ஜெம்சிடாபின் மறுபடி வேலை செய்தது. எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்குமென்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் “விதி” என்று முத்திரை வைத்து மூடிய பெட்டிக்குள் ஒரு நொதி உட்கார்ந்திருக்கக் கூடும் என்பது வெளியாகிவிட்டது. வாயில் வாழும் ஃபூசோபாக்டீரியம் என்ற கிருமி பெருங்குடற் கட்டிகளில் மிகுதியாய் இருப்பதும் 2011-லேயே தெரிந்ததுதான். வாயிலுள்ளது குடலுக்குப் போய்ச் சேருவதற்குப் பூர்வ ஜென்மம் எதற்கு?

நிற்க, இங்கே ஒரு ஆட்சேபணை கிளம்பும். இரத்தத்திலும் கட்டியிலும் உள்ள கிருமிகளின் அடையாளத்தைக் கொண்டே இன்ன புற்று நோயென்று கண்டுபிடிக்கலாமென 2020-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. அம்முறையை வைத்து வியாபாரம் செய்யக் கம்பெனியும் ஏற்பட்டது. 2023-ல் வேறு விஞ்ஞானிகள் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, மனித டி.என்.ஏ.யையே கிருமியுடையதென்று எண்ணிவிட்டதைக் காட்டினார்கள். எழுதியவர்கள் மறுத்து வாதாடியும், 2024-ல் கட்டுரை வாபஸ் வாங்கப்பட்டது. “பார்த்தீர்களா உங்கள் விஞ்ஞானத்தை!” என்று கை கொட்டுகிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். பிராமணனைக் கொன்றவன் மறு ஜென்மத்தில் க்ஷயரோகியாவான் என்று மனுதர்மம் 11-வது அத்தியாயம் சொல்லுகிறது. க்ஷயத்துக்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882-ல் கண்டுபிடித்துக் காட்டிவிட்டார். மனுவின் அந்தச் சுலோகத்தை எந்த மடாதிபதியாவது வாபஸ் வாங்கியதுண்டா? தப்புச் செய்தது எங்கள் ஆள்தான். அதைக் கண்டுபிடித்ததும் எங்கள் ஆள்தான். உங்களில் கண்டுபிடிக்கிறவன் யார்?

கோமியத்தால் புற்று நோய் தீருமென்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு சேதி. பசுவிடமிருந்து ஒரு புற்று நோய் மருந்து உண்மையிலேயே வந்திருக்கிறது! நோய்ப்பட்ட பசுவிலிருந்து எடுத்த க்ஷயக் கிருமியைக் கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 13 வருஷ காலம் 230 தடவை திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்தார்கள். அதுதான் பி.சி.ஜி. மொராலஸ் என்ற கனடா நாட்டு டாக்டர் 1976-ல் அதை மூத்திரப்பைப் புற்றுக்குப் பயன்படுத்தி எழுதினார், 1990-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது, இன்றும் கொடுக்கிறார்கள். ஒன்று மாத்திரம் ஒப்புக்கொள்ளுகிறோம்: இதுவும் மூத்திரப்பை சம்பந்தப்பட்டதுதான்!

இவ்வளவையும் படித்துவிட்டு, கட்டிக்குள் கிருமி இருக்கிறதாமே என்று எவரும் மருந்துக் கடைக்கு ஓடிக் கிருமிக்கொல்லி மாத்திரைகளை வாங்கி விழுங்க வேண்டியதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புது ரகப் புற்று மருந்துகள், அம்மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களிடம் குறைவாகவே வேலை செய்ததை 2018-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. குடலிலுள்ள நல்ல கிருமிகளும் கூடவே செத்துப்போவது அதற்குக் காரணமாக இருக்கலாமென்கிறார்கள். எந்தக் கிருமியை எப்போது கொல்லுவதென்று டாக்டரைக் கேளுங்கள்.