விலாசம் யாருக்கு?

அண்மையில் நம் கடைவீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர்கள் இருவர் பாகம் பிரித்துக்கொண்டனர். கட்டடம், கையிருப்புச் சரக்கு, வரவேண்டிய பாக்கி, தராசு வரை எல்லாம் பாகப் பத்திரத்தில் ஏறின. தாத்தா காலத்து மூன்றெழுத்து விலாசமும், சாக்கில் அடிக்கும் மார்க்காவும் மட்டும் ஏறவில்லை. இன்று எதிரெதிரே ஒரே விலாசத்தில் இரண்டு போர்டுகள். துறையூர் வாடிக்கையாளர் தம்பி கணக்கில் பணம் கட்டிவிட்டு அண்ணனிடம் சரக்கு கேட்டுச் சண்டை போடுகிறார். மத்தியஸ்தம் பேசப்போன நாம் வெறுங்கையோடு திரும்பினோம்.

விலாசம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குக் கதவு எண்ணும் தெருப்பெயரும்தான். வியாபாரிக்கு அது குலப்பெயர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பின்னாளில் தமிழ்நாட்டில் பலரும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நின்றுகொண்டோம். அதற்கும் முன்பே நகரத்தார் முதலெழுத்துகளைக் கொண்டே பர்மா, மலாயா வரை வட்டிக்கடை நடத்தினர். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அவர் தகப்பனார் எம்.சிடி. முத்தையா செட்டியார். மகன் தலைமுறையில் ஓர் எழுத்து கூடியிருப்பதைக் கவனியுங்கள். விலாசத்தைப் படித்தாலே வம்சாவளி தெரியும்.

மார்க்காவும் அப்படியே. நம் உறையூரைத் தலைநகராகக் கொண்டிருந்த சோழருக்குப் புலி. பின்வந்த இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் இருக்கின்றன. வென்றவன் தோற்றவர் சின்னத்தையும் தன் முத்திரையில் சேர்த்துக்கொண்டான்! நமக்கு அவ்வளவு வேண்டாம். மணச்சநல்லூர் அரிசி மூட்டையை இறக்கும் தொழிலாளி எழுத்தைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் அடுக்குகிறார். அந்தப் படம் இரண்டு கடைக்குப் பொதுவானால் என்ன ஆகும்?

இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. தகப்பனாரின் கேடயச் சின்னம் அவருக்குப்பின் மூத்த மகனுக்கு. இரண்டாம் மகன் அதில் ஒரு பிறையும், மூன்றாம் மகன் ஒரு நட்சத்திரமும் சேர்த்துக்கொள்வர். குடும்பம் ஒன்று, ஆள் வேறு என்பது பார்த்ததும் தெரியும். நம் சகோதரர்களும் ஆளுக்கோர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சொன்னோம், கேட்கவில்லை. "எழுத்து கூடினால் பழைய கடை இல்லை என்று நினைப்பார்கள்" என்றார் தம்பி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

எனவே பேச்சு முற்றுமுன் எழுதிவிடுவதே நல்லது. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் 2003 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகைச் சரக்குக்குக் கட்டணம் 4,500 ரூபாய். நமக்கு அலுவலகம் சென்னை கிண்டியில். ஜி.எஸ்.டி. பதிவில் கடைப்பெயர் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். அது வரிக்கான பதிவு, பெயருக்கு உரிமை தராது. பதிவு செய்தாலும், ஒருவர் தம் சொந்தப் பெயரை நேர்மையாகப் போட்டுக்கொள்வதைத் தடுக்க முடியாது.

ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரங்கன் பெயரில் அங்கே எத்தனை கடைகள்! "ராமாயண்" என்ற பெயரை ஊதுபத்திக்கு ஒருவர் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை எவரும் தமக்கே என்று கொண்டாட முடியாது என 2015இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாமி பெயரை மட்டும் நம்பாமல், முன்னே தாத்தாவின் எழுத்தையும் பக்கத்தில் தனி அடையாளமாக ஒரு படத்தையும் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

பங்காளிகள் ஒரே கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே, விலாசம் யாருக்கு, மார்க்கா யாருக்கு, விட்டுக்கொடுப்பவருக்கு ஈடு எவ்வளவு என்று கூட்டுப் பத்திரத்தில் ஒரு பத்தி சேருங்கள். அந்தச் சகோதரர்கள் வரும் வெள்ளிக்கிழமை மறுபடி பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பழைய பேரேட்டையும் சாக்கில் அடிக்கும் அச்சுத் தகட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.