பிடித்தவர் கையிலிருந்து பொலிஸ் கைக்கு

2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், பிரதான சந்தேகநபரைத் தேடிப் பிடித்தவர்கள் ஊர்மக்கள். ‘சுவிஸ் குமார்’ என்று அறியப்பட்ட அவரை வேலணையில் மறித்துக் கட்டி வைத்தார்கள். பிறகு பொலிஸார் பொறுப்பேற்றனர். ஆனால் மே 19 அன்று அவர் மறுபடி பிடிபட்டது கொழும்பு வெள்ளவத்தையில். பொலிஸ் பொறுப்பில் இருந்தவர் வெள்ளவத்தைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்? கொலை வழக்கிலிருந்து பிரிந்து, பல ஆண்டுகள் தனி வழக்காக நடந்தது இந்தக் கேள்விதான்.

புங்குடுதீவும் வேலணையும் அடங்கிய தீவகத்தின் நில அமைப்பை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக உறைக்கும். வேலணையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு இருக்கும் நேர்த் தரைவழி ஒன்றே ஒன்று. அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி கடந்து பண்ணைத் தாம்போதியால் போக வேண்டும். அதை விட்டால் ஊர்காவற்றுறையில் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் காரைநகர்ப் பக்கம் இறங்கலாம். நகரிலிருந்து கொழும்புக்கு மேலும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்த நாட்களில் ஊரே தேடிய முகம் அது. அப்படிப்பட்டவர் இந்த வழியால் ஒளிந்து போயிருக்க முடியாது; யாரோ போகவிட்டிருக்க வேண்டும் என்று தீவக மக்கள் முதல் நாளே சொன்னார்கள். மே 20 அன்று யாழ்ப்பாணத்தில் நீதிமன்றக் கட்டடம் தாக்கப்படும் அளவுக்குக் கொதிப்பு ஏறியதற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம்.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பொதுமகன் ஒருவர் யாரையாவது கைதுசெய்தால் தாமதமின்றி பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். பிடியாணை இன்றிக் கைதானவரைப் பொலிஸார் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. நீதவான் முன் நிறுத்த வேண்டும். சட்டம் மௌனமாகிவிடும் இடம் வேறு. ஒப்படைத்ததற்கும் பொலிஸ் நிலையக் குறிப்பேட்டில் பெயர் ஏறுவதற்கும் இடையில் ஒரு பொழுது இருக்கிறது. அந்தப் பொழுதில் கையில் இருப்பவர் சந்தேகநபரா, அடிவாங்காமல் காப்பாற்றப்பட்ட ஆளா என்பது அங்கு நிற்கும் அதிகாரியின் வாயில்தான் இருக்கிறது.

குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தோண்டியது இந்தப் பொழுதைத்தான். 2017 ஜூலை 15 அன்று, சம்பவ காலத்தில் வட மாகாணத்துக்குப் பொறுப்பாக இருந்த சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபர் லலித் ஜயசிங்க கைதாகி, ஊர்காவற்றுறை நீதவானின் உத்தரவில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். தப்பிக்க உதவியதாக யாழ்ப்பாணத்தில் கடமையாற்றிய உப பொலிஸ் பரிசோதகர் ஸ்ரீகஜன் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. ஜயசிங்க சிறைக்குப் போய்ப் பின்னர் பிணையில் வந்தார். ஸ்ரீகஜன் நாட்டை விட்டே போய்விட்டார். தப்பவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவரும் தப்பியதால், ஒரு தப்பித்தலை விசாரித்த வழக்குக்குள் இன்னொரு தப்பித்தல் சேர்ந்துகொண்டது.

கொலை வழக்கு இதைவிட வேகமாக முடிந்தது. நீதிபதிகள் சசி மகேந்திரன், பிரேமசங்கர், இளஞ்செழியன் ஆகிய மூவரடங்கிய தீர்ப்பாயம் 2017 செப்ரெம்பர் 27 அன்று சுவிஸ் குமார் உட்பட ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்து, இருவரை விடுவித்தது. வழக்கிலிருந்து தன்னை விடுவிக்க சுவிஸ் குமார் இலஞ்சம் தர முயன்றார் என்ற சாட்சியமும் அந்த விசாரணையில் வந்தது. கொலையைப் புலனாய்வு செய்தவர்களில் முக்கியமானவரான பொலிஸ் பரிசோதகர் நிஷாந்த சில்வா, 2019 நவம்பரில் ஆட்சி மாறிய சில நாட்களில் குடும்பத்துடன் சுவிற்சர்லாந்துக்குப் போய்விட்டார். துரத்தியவருக்கும் நாட்டில் இருக்க முடியவில்லை.

ஸ்ரீகஜனைப் போல வெளிநாடு போன குற்றஞ்சாட்டப்பட்டவரைத் திருப்பிக் கொண்டுவருவது வேறு வேலை. பயணத்தடை விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டுபவரை மட்டும் நிறுத்தும். நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடலில் அதைக் கேட்க ஆள் இல்லை. திறந்த பிடியாணை இலங்கைக்குள்தான் செல்லும். இன்ரபோலின் சிவப்பு அறிவித்தலும் ஒரு வேண்டுகோளே. அதன்மேல் கைதுசெய்வதா என்பதை அந்தந்த நாட்டின் சட்டம் தீர்மானிக்கும். பிறகு 1977ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நாடுகடத்தல் சட்டமும் அந்த நாட்டின் நீதிமன்றமும் ஒத்துப்போக வேண்டும். மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் அர்ஜுன மகேந்திரனைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவர இத்தனை ஆண்டுகளாக முடியவில்லை என்றால், ஓர் உப பொலிஸ் பரிசோதகருக்காக எந்த அமைச்சு எத்தனை கடிதம் எழுதியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

தலைமறைவானவர் இல்லாமலேயே மேல் நீதிமன்றம் வழக்கை நடத்தலாம் என்று அதே சட்டக்கோவையின் 241ஆம் பிரிவு இடம் தருகிறது. தப்பவிட்ட வழக்கில், 2025 ஆகஸ்டில் லலித் ஜயசிங்கவுக்கு நான்கு ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வேலணையில் மக்கள் அந்த ஆளைக் கட்டி வைத்த நாளிலிருந்து அதற்குப் பத்து ஆண்டுகளும் மூன்று மாதங்களும் ஆகியிருந்தன.