எதுக்களிப்பா, சத்தியா?

இலக்கியம் பேசக் கூடியிருக்கும் இவ்விடத்தில், நாயும் பூனையும் வாந்தியெடுப்பதைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் இது சொற்களைப் பற்றிய கட்டுரையும் ஆகும். வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல்லைச் சொல்லத் தெரியாமல் ஓர் உயிரை இழந்த பிறகு, அதை மறைத்து வைப்பது முறையன்று என்று தோன்றியதால் எழுதத் துணிந்தோம்.

தொல்காப்பியத்தின் மரபியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைப் பெயர் குருளை என்றும், கீரி, வெருகு, எலி, அணில் ஆகியவற்றின் இளமைப் பெயர் குட்டி என்றும் வகுத்துரைக்கும் இடம் வரும்போதெல்லாம், நம் முன்னோர் விலங்குகளை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கின்றனர் என்று மாணவரிடம் பெருமை பேசுவது நம் வழக்கம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லையும் உடன் சேர்த்துச் சொல்வோம். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அந்த ஏழாம் நூற்றாண்டுக் கல்லில், மாண்ட வீரனின் அருகே அவன் நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. கேட்கும் மாணவர் கண்கள் விரியும். நமக்கும் மனம் நிறையும்.

அந்தப் பெருமை ஒருநாள் கால்நடை மருத்துவரின் மேசை முன்னால் உதிர்ந்து போயிற்று.

இரண்டாண்டுகளுக்கு முன், மழை பெய்த ஒரு மாலைப்பொழுதில், புதுக்கடைச் சந்திப்பில் ஒரு கடைத் திண்ணையின் அடியில் நடுங்கிக் கொண்டிருந்த நாய்க்குட்டி ஒன்றை வீட்டிற்கு எடுத்து வந்தோம். இரண்டு மாத வயதிருக்கும். பாடத்தின் நினைவாகக் 'குருளை' என்றே பெயரிட்டோம். வீட்டார் வாயில் அது 'குரு' என்று சுருங்கிற்று. தடுப்பூசி போடவேண்டுமே என்று இல்லாள் நினைவூட்டியபோது, "நாட்டுப்பட்டிக்கு ஒண்ணும் வராது மக்களே" என்றார் அம்மா. அவர் சொன்னது எழுபதாண்டு அனுபவம். நாமும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, குரு வெள்ளை நுரையாக எதையோ வெளியே தள்ளிவிட்டு மூலையில் படுத்தது. புல்லைத் தின்றிருக்கும், கக்கினால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கல்லூரிக்குப் புறப்பட்டோம். மாலையில் மோர் கொடுத்தோம், அதையும் வெளியேற்றியது. மறுநாள் ஓமநீர் புகட்டினோம். மூன்றாம் நாள் அதன் கழிச்சலில் குருதி கண்டது, சகிக்கவொண்ணாத நாற்றமும் எழுந்தது. அதன் பின்னரே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவர் கைகள் வேலை செய்துகொண்டே இருக்க, வாய் கேட்டது: "சாப்பிட்டது அப்படியே திரும்பி வந்ததா, வயிற்றை எக்கி எக்கி எடுத்ததா சார்? எத்தனை தடவை? என்ன நிறம்? கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது? வீட்டில் எதையாவது கடித்ததா?" ஐந்து கேள்விகள். தமிழில் முதுகலை பயின்று இருபதாண்டுகள் பாடம் நடத்தும் நம்மிடம் ஒன்றிற்கும் விடையில்லை. "வாந்தி எடுத்தது டாக்டர்" என்பதைத் தவிர வேறொரு வாக்கியம் நம்மிடமிருந்து வரவில்லை. அன்றிரவே குரு இறந்தது.

அது பார்வோ என்னும் நச்சுயிரி நோய். பிறகு படித்தறிந்த ஒரு செய்தி நம்மை நெடுநேரம் உறங்கவிடவில்லை. நாய்களைத் தாக்கும் இந்த நச்சுயிரியை உலகம் முதன்முதலில் இனங்கண்டது 1978ஆம் ஆண்டில்தான். பூனைகளைத் தாக்கும் பழைய நச்சுயிரி ஒன்றின் நெருங்கிய உறவான அது, ஓரிரு ஆண்டுகளில் கண்டங்களைக் கடந்து பரவியது. அம்மாவின் இளமைக் காலத்தில் இந்நோயே இல்லை. நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது என்ற அவர் அறிவு அக்காலத்திற்கு ஓரளவு பொருந்தியிருக்கலாம். உலகம் மாறியதை அந்த அறிவு அறியவில்லை. அம்மாவைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. படித்தவர் நாம், கேட்டறியாதது நம் பிழை.

தமிழில் சொற்பஞ்சம் இருக்கிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. வயிறு புரள்வது குமட்டல். ஒன்றும் வெளிவராமல் வயிற்றை எக்குவது ஓங்காளித்தல். உண்டது முயற்சியின்றி மேலேறி வருவது எதுக்களித்தல். எக்கி வெளியேற்றுவது வாந்தி. எங்கள் பக்கத்து முதியோர் அதனைச் சத்தி என்பர், ஈழத்தமிழரும் அவ்வாறே வழங்குவர், மலையாளத்திலும் அதன் உறவுச்சொல் உண்டு. மருத்துவர் கேட்ட முதற்கேள்விக்கு உரிய விடை இந்தச் சொற்களிலேயே பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. தலையைத் தாழ்த்தியதும் செரிக்காத உணவு உருளையாக வழுக்கி விழுந்தால் அது எதுக்களிப்பு. கோளாறு பெரும்பாலும் உணவுக்குழாயில் இருக்கும். உமிழ்நீர் வடிய, உதட்டை நக்கி, வயிறு சுருங்கி விரிந்து வெளியேறினால் அது சத்தி. இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம், நஞ்சு என்று எங்கும் அதன் காரணம் இருக்கலாம். பூனை கழுத்தை நீட்டித் தரையோடு தாழ்ந்து இருமுவதை முடியுருண்டை கக்குவதாக எண்ணி விடுகிறோம். பலமுறை அது மூச்சுக்குழல் நோயின் இருமலாக இருப்பதுண்டு.

அடுத்துக் காணவேண்டியது நிறம். மஞ்சள் என்றால் பித்தநீர், வெறும் வயிற்றிலும் வரும். சிவப்பு என்றால் புதுக்குருதி. காப்பித்தூள் போன்ற கரும்பழுப்பு, இரைப்பையில் தங்கிச் செரித்த குருதி. பிறகு ஈறு. நலமுள்ள நாயின் ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும் (பிறவியிலேயே கருநிற ஈறுடையவை வேறு). விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கவேண்டும். ஈறு வெளிறியோ பிசுபிசுத்தோ இருந்தாலும், பிடரித்தோலைப் பிடித்து விட்டால் உடனே படியாமல் நின்றாலும், உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். இவற்றைக் காணக் கருவி எதுவும் வேண்டுவதில்லை.

எல்லா வாந்திக்கும் அஞ்சியோட வேண்டுமா என்றால், வேண்டாம். வளர்ந்த நாய் ஒருமுறை வாந்தியெடுத்துவிட்டு வாலாட்டித் திரிந்தால், சில மணிநேரம் இரைப்பைக்கு ஓய்வு கொடுத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக வைத்து, பின்னர் மசாலையில்லாத கோழிக்கறியும் குழைந்த சோறும் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம். குட்டிகளைப் பட்டினி போடலாகாது. பூனை, குறிப்பாகப் பருத்த பூனை, ஓரிரு நாள் உண்ணாதிருந்தாலே அதன் ஈரலில் கொழுப்பு படிந்து கெடும்.

ஆனால் பொறுத்துப் பார்க்கலாகாத வேளைகள் உண்டு. குட்டியின் வாந்தியோடு கழிச்சலும் சேர்ந்தால் அன்றே போகவேண்டும். பார்வோவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பும் உடன்வரும் தொற்றும். நரம்பு வழியே நீரேற்றி உரிய காலத்தில் மருத்துவம் செய்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. பெரிய உடல்கொண்ட நாய் வயிறு உப்பி, ஒன்றும் வெளிவராமல் ஓங்காளித்துக் கொண்டேயிருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும், அங்கே மணிநேரங்களே கணக்கு. ஆண்பூனை வாந்தியெடுப்பதோடு சிறுநீர் கழிக்க முக்கி முக்கித் தோற்றால் அடைப்பு, அதுவும் அன்றே பார்க்கவேண்டியது. கருத்தடை செய்யாத பெண்நாய், சூட்டுக்காலம் முடிந்து சில வாரங்களில் மிகுதியாக நீர் குடித்து, வாந்தியெடுத்துச் சோர்ந்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம்.

எம் ஊருக்கென்றே சில இடர்களும் உள்ளன. தேங்காய்ப்பட்டணத்து மீன் வராத வீடு இப்பக்கம் குறைவு. மீனோடு வந்த தூண்டில் நரம்பைப் பூனை விழுங்கிவிட்டால், வாயிலோ பின்வழியிலோ தொங்கும் முனையைப் பிடித்து இழுக்கவே கூடாது. உள்ளே குடல் அறுபடும். ஓணப் பாயசத்திலும் கிறிஸ்துமஸ் கேக்கிலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யவல்லது. வேலியோரத்து அரளியும் ஒதளங்காயும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுகள். எலிமருந்தை விழுங்கியிருக்குமோ என்று ஐயம் எழுந்தால் மருந்தின் உறையையும் கையோடு கொண்டுசெல்லவேண்டும். சிலவகை எலிமருந்து வயிற்றில் நச்சுவாயுவாக மாறுவதால், வாந்தியை முகர்ந்து பார்ப்பது மனிதருக்கும் தீங்கு.

நாமே கொடுக்கும் நஞ்சு ஒன்றும் உண்டு. காய்ச்சலென்று எண்ணி நம் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டை ஒடித்துப் பூனைக்குக் கொடுப்போரை அறிவோம். பூனையின் ஈரலுக்கு அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு. ஒரேயொரு மாத்திரையே அதன் உயிரைக் குடிக்கப் போதுமானது. உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வதும் ஆபத்தே.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். நாயின் வாயில் எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், தாடை தொங்கி, குரல் மாறியிருந்தால், எலும்பு சிக்கியிருக்கும் என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிடலாகாது. அது வெறிநோயாக இருக்கலாம். கடியோ எச்சிலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் குறையாது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றிய பின் அந்நோயிலிருந்து மீண்டவர் மிக அரியர்.

மனிதருக்கே மருத்துவம் எட்டாத நாட்டில் நாய்க்கு இவ்வளவா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். நோயுற்ற நாயைக் கையிலேந்தி நிற்போரில் பலர் அன்றாடக் கூலியை இழந்து வந்தவர்கள். கால்நடைகளுக்கென 1962 என்னும் எண்ணில் ஊர்தி வருகிறது, மாட்டுக்கும் ஆட்டுக்குமே அது முதன்மையாகப் பயன்படுகிறது. 'கால்நடை மருத்துவமனை' என்ற பெயரிலேயே பூனை இடம்பெறவில்லையே என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் நாம் மேலே கூறியவற்றில் பெரும்பாலானவை காசு கேட்பவை அல்ல. காண்பதும், எண்ணுவதும், சரியான சொல்லில் எடுத்துரைப்பதுமே அவை. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும்வரை குட்டிக்குப் போடும் தடுப்பூசிகளின் செலவு, நோய் வந்தபின் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே.

'வாயில்லாச் சீவன்' என்னும் தொடரை இரக்கத்தோடுதான் வழங்குகிறோம். நாளடைவில் அவ்விரக்கம் நமக்கே ஒரு சாக்காகிவிட்டது என்பது நம் எண்ணம். வாயில்லை, ஆதலால் அறிய வழியில்லை என்று கைவிரித்து விடுகிறோம். மூன்று நாள்களாகக் குரு தன் உடலால் சொல்லிக்கொண்டே இருந்தது. வாயிருந்தும் சொல்லாதவர் நாம்.

இதை எழுதி முடிக்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குரு இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், வகுப்பு மாணவி ஒருத்தி விடுப்பு விண்ணப்பம் தந்தாள். "ஐயா, எங்கள் பூனை நேற்றிரவிலிருந்து நான்கு முறை மஞ்சளாக வாந்தியெடுத்திருக்கிறது, சிறுநீர் போகவில்லை, மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அறையில் அதைப் படித்துக் காட்டினோம். எல்லாரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். இன்று அந்தத் தாளை நினைக்கையில், மருத்துவர் கேட்கக்கூடிய கேள்விகளில் பாதிக்கு அவள் முன்கூட்டியே விடை எழுதியிருந்தது புலனாகிறது. அவள் பூனை பிழைத்தது.

நம் வீட்டில் இப்போது இன்னொரு குருளை வளர்கிறது. முதற்குட்டி கிடந்த இடமெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவினோம். அந்த நச்சுயிரி மண்ணில் பல மாதம் உயிர்த்திருக்கும், வெறும் சோப்புக்கு அழியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். புதியதை ஓராண்டுக்குப் பிறகே, தடுப்பூசிகள் யாவும் முடித்துக் கொண்டுவந்தோம். அடுக்களைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. நாய் உண்ணாத நாளும் கக்கிய நாளும் அதில் குறிக்கப்படுகின்றன. அம்மாதான் குறிக்கிறார். நிறத்தையும் சேர்த்து எழுதுகிறார்.

நண்பர்கள் தத்தம் ஊரில் விலங்கின் நோய்க்கு வழங்கும் சொற்களை எழுதி அனுப்பினால் தொகுத்து வைக்கலாம். அகராதிக்கும் ஆகும், அவசரத்திற்கும் உதவும்.