வடபகுதிப் புகையிரதப் பாதையும் வேகம் பற்றிய மயக்கமும்

இந்நாட்டிற் புகையிரதச் சேவையின் முன்னேற்றம் பற்றிப் பேச முற்படுவோர் முதலில் வினவுவது ஓர் எண்ணையே: வண்டி மணிக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? மேடைகளில் அறிவிக்கப்படுவதும், பத்திரிகைகளிற் கொட்டை எழுத்தில் வருவதும் அவ்வெண்ணே. வடபகுதிப் பாதையைப் பொறுத்தவரை அது 120 ஆகும். ஓமந்தைக்கு வடக்கே புதிதாக இடப்பட்ட பாதை மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தைத் தாங்கவல்லது எனப் பெருமையுடன் கூறப்பட்டது. அவ்வெண் பொய்யன்று. ஆயினும், உண்மையான ஓர் எண் மக்களை எவ்வளவு தூரம் மயக்கக்கூடும் என்பதற்கு அதனிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

பாதையின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவோர்க்கு இது எளிதிற் புலனாகும். 1990 யூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் காவலரண்களுக்குக் கூரையாயின. போர் முடிந்தபின், இந்தியக் கடனுதவியுடன் இர்க்கோன் நிறுவனம் பாதையை மீள அமைத்தது. 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி சென்றது. கொன்கிரீற் கட்டைகளின்மேற் புதிய தண்டவாளம், புதிய பாலங்கள், புதிய நிலையங்கள். நாட்டிலுள்ள பாதைகளுள் இதுவே சிறந்தது எனப் பலரும் வியந்தனர். ஆனால் அச்சிறந்த பாதைக்குத் தெற்கே, மாகோவுக்கும் ஓமந்தைக்கும் இடைப்பட்ட 128 கிலோமீற்றர் பழைய நிலையிலேயே விடப்பட்டது. அதன் புனரமைப்பு 2023 சனவரியிலேயே ஆரம்பமாயிற்று. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கொழும்பிலிருந்து புறப்பட்ட பயணி, தேய்ந்த தண்டவாளத்தின்மேல் ஊர்ந்து வந்து, பின் ஓமந்தையைத் தாண்டியதும் சிறிது நேரம் பறந்தான். நோயாளியை மகரகமைக்குக் கொண்டு செல்லும் குடும்பத்துக்கும், நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் பட்டதாரிக்கும் அப்பறத்தலாற் கிடைத்த பயன் யாது?

இங்கு ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தல் தகும். 20 கிலோமீற்றர் நீளமான நல்ல பாதையில் வேகத்தை 100இலிருந்து 120 ஆக உயர்த்தினால் மிச்சமாவது இரண்டே நிமிடம். அதே நீளமான பழுதுற்ற பாதையில் வேகத்தை 30இலிருந்து 60 ஆக்கினால் மிச்சமாவது இருபது நிமிடம். உச்ச வேகத்தை உயர்த்துவதிலும் பார்க்கத் தாழ்ந்த வேகத்தை ஒழிப்பதே பயண நேரத்தைக் குறைக்கும் வழி. பாடசாலை மாணவனும் செய்யத்தக்க இக்கணக்கைத் திட்டமிடுவோர் அறியாதிருந்தனர் எனக் கொள்வதற்கில்லை. 30ஐ 60 ஆக்கியதற்கு எவரும் நாடா வெட்டுவதில்லை என்பதே விடயம்.

புதிய வண்டிகள் வந்தால் யாவும் சீராகும் என்பார் கூற்றும் இத்தகையதே. சென்னைத் தொழிற்சாலையில் உருவான எஸ் 13 வகைத் தொடர்வண்டிகள் வந்தன. குளிரூட்டப்பட்ட பெட்டிகள் பயணத்தைச் சுகமாக்கின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாதை அனுமதியாத வேகத்தை எந்த இயந்திரமும் தந்துவிட முடியாது. பிரித்தானியரின் அனுபவம் இவ்விடத்திற் கருதத்தக்கது. வளைவுகளிற் சாய்ந்து ஓடும் அதிநவீன வண்டியொன்றை அவர்கள் பெரும் செலவில் உருவாக்கி, 1981 டிசெம்பரிற் பயணிகளுடன் ஓட்டிச் சில நாட்களிலேயே விலக்கிக்கொண்டனர். மாறாக, பழகிய பொறியியலைக் கொண்டு கட்டப்பட்ட டீசல் வண்டி 1976 முதல் மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அது முதலில் ஓடிய இலண்டன் – பிரிஸ்டல் பாதை, வளைவுகள் மிகக் குறைவாக அமையுமாறு புறுனெல் என்னும் பொறியியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமைத்த பாதை. அந்த வண்டிக்காகத் தண்டவாளமும் சமிக்ஞையும் திருத்தப்பட்டிருந்தன என்பதையும் மறத்தலாகாது.

வேகம் உயர உயர அதன் விலையும் ஏறுகின்றது. அதுவும் நேர்விகிதத்தில் அன்று. 80இல் ஓடும் வண்டியை 120இல் ஓட்டும்போது அதன் இயக்கசக்தி இரண்டேகால் மடங்காகின்றது; நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் அவ்வளவாகவே நீளும். சமிக்ஞைகளைத் தள்ளி நடவேண்டும்; வளைவுகளைத் திருத்தவேண்டும். 120 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நிமிடத்தில் இரண்டு கிலோமீற்றரைக் கடந்துவிடும். வயலிலிருந்து உழவு இயந்திரத்துடன் வீதிக் கடவையை அடையும் விவசாயிக்கு அந்த ஒரு நிமிடமே எச்சரிக்கை. வடக்கிலே சேவை மீண்டபின் பாதுகாப்பற்ற கடவைகளில் உயிர்கள் பல பலியானமை யாவரும் அறிந்தது. அக்கடவைகளைக் காப்பதற்குப் பொலிசாரின் கீழ் அமர்த்தப்பட்டோர் நாளொன்றுக்கு 250 ரூபா என்ற அற்பக் கொடுப்பனவுக்கு ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்றனர். நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இறங்கினர். பல கோடி செலவிற் பாதை. அதன் வேகத்துக்குக் காவல் 250 ரூபா! காட்டு விலங்குகளின் நிலையும் அதுவே. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அண்மையில் யானைக்கூட்டமொன்று வண்டி மோதி மடிந்தது. அது மட்டக்களப்புப் பாதையில் நிகழ்ந்ததெனினும், மாகோவுக்கு வடக்கேயும் பாதை காடூடாகவே செல்கின்றது.

இவை யாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவது ஒற்றைப்பாதைப் பிரச்சினை. பொல்காவலைக்கு வடக்கே எதிரெதிரே வரும் வண்டிகள் நிலையங்களிலேயே ஒன்றையொன்று கடந்தாக வேண்டும். ஒன்று பிந்தினால் மற்றையதும் பிந்தும். இத்தகைய பாதையில் நகர்சேர் கடுகதியின் வேகத்தை மட்டும் உயர்த்துவதன் பொருள் என்ன? அதற்கு வழிவிட்டு மெதுவண்டி பக்கப்பாதையில் மேலும் நெடுநேரம் கிடக்க வேண்டும் என்பதே. அவ்வண்டியில் இருப்போர் யார்? மதவாச்சியிலிருந்து அநுராதபுரம் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் விவசாயி. சிறு நிலையமொன்றில் மரக்கறி மூட்டையுடன் ஏறிய வியாபாரி. பருவச்சீட்டுடன் வேலைக்குச் செல்லும் எழுதுவினைஞர். குளிரூட்டிய பெட்டியில் அமர்ந்தவனுக்குக் கிடைக்கும் பதினைந்து நிமிடம் இவர்களிடமிருந்து எடுக்கப்படுவதாயின் அதனை முன்னேற்றம் என்பது எவ்வகையிற் பொருந்தும்? கடவை நிலையங்களை அதிகரித்தும், இருப்பவற்றை நீட்டியும், சில பகுதிகளையேனும் இரட்டைப் பாதையாக்கியும் இவ்விரு சாராருக்கும் ஒருங்கே நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

இனி, புகையிரதத்தையே கைவிட்டு அதிவேக நெடுஞ்சாலைகளை நாடுவோம் என்பார் உளர். காரில்லாதவனையும் இரவு பஸ்ஸில் இடுப்பொடிய இருக்க முடியாத முதியவளையும் அவர்கள் கணக்கிற் கொள்ளவில்லை என்பதற்கு மேல் அவர்களுக்கு மறுமொழி வேண்டியதில்லை.

மாகோ – ஓமந்தைப் பகுதி 9 கோடி 12 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட இந்தியக் கடனிற் புனரமைக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 6ஆம் திகதி அநுராதபுரத்தில் இரு நாட்டுத் தலைவர்களாலும் வைபவரீதியாகத் திறந்து வைக்கப்பட்டது. நல்லதே. ஆனால் இப்போது பலவீனமான கண்ணி மேலும் தெற்கே நகர்ந்துள்ளது. பொல்காவலை – மாகோ ஒற்றைப்பாதையும், றாகமைக்கும் கோட்டைக்கும் இடையே அலுவலக வண்டிகளின் நெரிசலும் தீராதவரை வடக்கில் ஈட்டிய நிமிடங்கள் தெற்கிற் கரைந்தே போகும். மேலும், பாதை இடப்பட்ட நாளிலிருந்தே தேயத் தொடங்குகின்றது. சல்லி நொறுங்கி மண்ணோடு கலக்கும், மழைநீர் தேங்கும், மட்டம் குலையும். உரிய காலத்திற் சல்லி இறுக்கும் இயந்திரமும் அதற்குரிய தொழிலாளரும் வராவிடின் இன்றைய 120 நாளை 80 ஆகும். மறுநாள், “மெதுவாகச் செல்க” என்னும் பலகையொன்று அங்கு முளைக்கும். கடனுதவி பாதையை இடுவதற்குக் கிடைக்கும், பேணுவதற்குக் கிடைப்பதில்லை.

அப்பலகைகளின் பட்டியல் திணைக்களத்தில் உண்டு. எவ்விடத்தில், எவ்வேகம், எந்நாளிலிருந்து என்பன சாரதிகளுக்கு அறிவிக்கப்படுகின்றன. பயணச்சீட்டு வாங்குவோரும் அதனைக் காண வகைசெய்ய வேண்டும். கோட்டை நிலையத்திலும் யாழ்ப்பாண நிலையத்திலும் நேர அட்டவணைக்கு அருகில் அது மாதந்தோறும் ஒட்டப்படுமாயின், அடுத்த அமைச்சர் 160 பற்றிப் பேச வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மக்கள் கையில் இருக்கும்.