துடைப்பமும் கடைச்சரக்கும்: ஒரு மறுப்பு

ஆங்கில நாட்டினும் அமெரிக்காவினும் தம்மை 'விட்ச்' என்று தாமே கூறிக்கொண்டு வழிபாடு இயற்றுவார் இக்காலத்துப் பலருளர். அச்சொல்லைச் 'சூனியக்காரி' என மொழிபெயர்த்தல் நம்மவர் வழக்கு. அது பொருந்தாது. என்னை? சூனியமென்பது பிறர்க்குக் கேடு சூழ்தல். இவருட் பெரும்பாலார் தழுவும் விக்கா நெறியோ எவர்க்கும் ஊறு செய்யாமையையே தலையாய விதியாகக் கொண்டது. ஆடவரும் அந்நெறியில் உளரேனும், மனை பேணுவாரைப் பற்றியதாகலின் மந்திரப் பெண்டிர் என்றே ஈண்டுக் கூறுவாம்.

யாம் மறுக்கப் புகுந்தது அந்நெறியை அன்று. அதன் பெயரால் வாணிகஞ் செய்வார் கூற்றையே. சிக்கனமாய் இல்லம் நடாத்தி, அடுக்களைக் கலங்களைக் கொண்டே ஒருத்தி செய்யும் வழிபாடு குறைவழிபாடென்றும், பளிங்குக் கல்லும் புகைக்கட்டும் விலையுயர்ந்த கிண்ணமும் இன்றி மந்திரம் சித்தியாகாதென்றும் அவர் சொல்லித் திரிகின்றனர்.

இந்நெறியை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்ட்னர். இளமையில் இலங்கைத் தோட்டங்களிலும், பின்னர் மலாயாவிற் சுங்க அலுவலிலும் இருந்தவர். மலாயரின் கிரீசுக் கத்திகளைப் பற்றி 1936-இல் நூலெழுதியவர். (அத்தகையார் நெறியிற் கத்தி முதற்கருவியானது வியப்பன்று.) மந்திர ஆற்றல் உடையேம் என்பாரை ஒறுத்த 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-இல் நீக்கப்பட, 1954-இல் இந்நெறியைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவர் குழுவினர் கையாற் படியெடுத்துவந்த ஏட்டிலே, கருவிகள் எவர் வீட்டிலும் இருக்கத்தக்க பொதுப்பொருள்களாய் இருக்கவேண்டுமென்றும், பொறி வரைந்த வட்டத்தை மெழுகாற் செய்தால் வேண்டும்பொழுது உடைத்துவிடலாமென்றும் விதி காணப்படுகின்றது.

"அவ்விதி அச்சத்தாற் பிறந்தது, அச்சம் நீங்கியபின் அது வேண்டா" எனின், அற்றன்று. காரணம் அச்சமேயாயினும், அடுக்களைக் கத்தியும் மண்கிண்ணமும் அவ்வழிபாட்டுக்குப் போதும் என்பதனை அவ்விதி உடன்பட்டதன்றோ? போதாதாயின் அதனை விதித்தவரே தம் வழிபாட்டைக் குறைவுபடுத்தினர் என்றாகும்.

கத்தி, கிண்ணம், கோல், உப்பு, நீர், விளக்கு, துடைப்பம், கொப்பரை என்னும் இவையே அவர் கருவிகள். இவற்றுள் ஏழை வீட்டில் இல்லாதது யாது? கோல் வேண்டின் காற்றில் ஒடிந்து வீழ்ந்த கிளையுண்டு. சன்னலோரத் தொட்டியில் வளர்ந்த ரோஸ்மேரியைக் கொய்து தலைகீழாய்க் கட்டி உலர்த்துகிறாள் ஒருத்தி. எரிந்தெஞ்சிய மெழுகுத் துண்டுகளை உருக்கிப் பழைய பழப்பாகுச் சாடியில் வார்த்துத் திரியிடுகிறாள். ஆகஸ்டு முதல்நாள் அறுவடை விழவிற்குத் தன் கையாற் பிசைந்த மாவை ரொட்டியாகச் சுட்டுப் படைத்து, அதனையே வீட்டார்க்குப் பகிர்கிறாள். துடைப்பத்தாற் கூடத்தைப் பெருக்கும்பொழுதே வழிபாட்டிடம் தூய்மை பெறுகிறது. இவளை நோக்கியோ 'நீ குறையுடையை' என்பது!

2018-ஆம் ஆண்டிலே ஒப்பனைப் பொருள் விற்கும் செபோரா கடையில், பின்ரோஸ் என்னும் நறுமண நிறுவனம் தொடக்க மந்திரக்காரிக்கென ஒரு பெட்டியை 42 டாலருக்கு விற்க முற்பட்டது. அதனுள் நறுமணத் தைலங்களும் குறிச்சீட்டுகளும் வெண்சேஜ்த் தழைக்கட்டும் இளஞ்சிவப்புப் பளிங்கும் இருந்தன. மந்திரப் பெண்டிரே வெகுண்டெழுந்து கண்டிக்க, அப்பெட்டி விற்பனைக்கு வாராமலே ஒழிந்தது. வணிகர்க்கு அவர் கொடுத்த மறுமொழி அதுவே.

இனி, "தெய்வத்திற்கு உயர்ந்தன அளித்தலன்றோ பத்தி" என்பார்க்கு விடை கூறுதும். உயர்வு விலையிலோ வந்த வழியிலோ? அப்பளிங்கில் ஒரு பகுதி மடகாஸ்கர் தீவிலே, வயிற்றுக்கில்லாத ஏழைகள், சிறாருமுட்பட, மண்சரியும் குழியில் இறங்கி அகழ்ந்தெடுப்பது. வெண்சேஜ் தென்கலிபோர்னியாவிலும் அதனையடுத்த மெக்சிகோப் பகுதியிலும் தானே விளைவது; கள்வர் அதனைக் காட்டில் மூட்டை மூட்டையாய் அறுக்கின்றனர். அந்நிலத்துத் தொல்குடிகட்கு அது புனிதத் தழை. அமெரிக்கத் தொல்குடிகள் தம் சடங்குகளைச் செய்யும் உரிமையைக் காக்கச் சட்டம் வந்ததே 1978-இல். எவர்க்கும் ஊறு செய்யேன் என்று சூளுற்றவள் இவற்றை வாங்கி வைத்து வழிபடுதல் சூள் பிழைத்தலன்றி வேறென்னை? ஆகவே சிக்கனம் அவட்கு வறுமைபற்றி அளிக்கப்பட்ட விலக்கன்று. அவள் பூண்ட நோன்பின் கூறேயாம்.

மற்றொன்று. 1584-இல் ரெஜினால்டு ஸ்காட் என்பார், மந்திரக்காரியெனப் பழிக்கப்படுவோர் பெரும்பாலும் முதுமையும் முடமும் வறுமையும் உற்று வீடுதோறும் இரந்துண்பாரே எனக் காட்டினார். 1612-இல் பெண்டில் மலைப்பக்கத்தே அலிசன் டிவைஸ் என்னும் ஏழைப்பெண் வழிச்சென்ற சில்லறை வணிகன்பாற் குண்டூசி கேட்டாள், அவன் கொடுத்திலன், சிறிதுபொழுதில் நோயுற்று வீழ்ந்தான். அதிற் றொடங்கிய வழக்கிற் பதின்மர் தூக்கிலிடப்பட்டனர். அவரெல்லாம் இந்நெறியின் முன்னோர் எனல் சரித்திரத்திற்கு ஒவ்வாது; இந்நெறி மிக அண்மைக்காலத்ததென்பதனை ரொனால்டு ஹட்டன் 1999-இல் வெளியிட்ட நூலில் விரித்துக் காட்டியுள்ளார். ஆயினும் அப்பெயரை விரும்பித் தரித்தோர், அன்று குண்டூசிக்கு இரந்தவள் இன்று வாயிலில் வந்து நிற்பின், கல்லில்லை, கிண்ணமில்லை என்று புறத்தே நிறுத்துவரோ?

ஒன்று சொல்ல மறந்தாம். எளிய மந்திரவாழ்வு கற்பிக்கும் நூல்களும் இப்பொழுது வழவழத்த தாளிற் பொன்னெழுத்தோடு நல்ல விலைக்கு வருகின்றன. அவற்றை வேண்டுவார் பொதுநூல்நிலையத்தில் இரவல் பெறுக.